பிள்ளைச்சாவடியில் வந்து சேர்ந்த குண்டுகள்

பாகூர்க் கொல்லையில் கண்ணையன் சுட்ட ஈயக் குண்டுகள் ஒன்றுகூடக் குறிப்பலகையில் படவில்லை. எல்லாம் புதுச்சேரி நகரத்தைத் தாண்டி, வடக்கே பிள்ளைச்சாவடியில் அன்பழகன் வீட்டில் போய் விழுந்தன. விழுந்தன என்பதுகூடச் சரியில்லை, வந்து சேர்ந்தன. கூரையில் ஓட்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவாடு காயும் பாயில் ஒன்று, சோற்றுப்பானை மூடியில் ஒன்று, அன்பழகன் சவரம் செய்ய வைத்த குவளைத் தண்ணீரில் ஒன்று என்று சூடு ஆறாமல் கிடக்கும். அவர் மனைவி செல்வாம்பாள் ஊர்ப் பஞ்சாயத்தில் முறையிட்டாள். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அப்படியானால் அடுத்த வழக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

கண்ணையன் முதலியார்பேட்டைக்காரர், மில் தொழிலாளி மகன். பாகூரில் தாய்வழி வந்த வேர்க்கடலைக் கொல்லையும், காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கியும் குடும்பத்தில் உண்டு. குழல் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, குண்டை வைத்து, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிற பழைய சாமான். பட்டாளத்தில் சேரும்வரை அவர் கை பழகியது அதில்தான். இருபத்து நான்கு வருடம் கழித்து ஹவில்தாராக, குறி தவறாதவர் என்ற பெயரோடும் நான்கு பதக்கங்களோடும் திரும்பினார். அதன் பிறகு இருபது வருடம் துப்பாக்கிப் பக்கமே போகாதவர், அறுபத்தைந்தாம் வயதில் திடீரென்று அதை எடுத்து எண்ணெய் போட்டார். பன்றித் தொல்லை அதிகம் போலிருக்கிறது என்று ஊர் நினைத்தது. ஊருக்கு வேறென்ன தெரியும்.

காரணம் வெட்கக்கேடானது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், பயிற்சி முடிவில் ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்துச் சுடவைத்தார்கள். ஆறாம் பலகை கூடச் சேர்ந்த அன்பழகனுக்கு, ஏழாவது கண்ணையனுக்கு. கண்ணையன் சுட்ட ஐந்தும் பலகைக்கு வெளியே மண்மேட்டில் புதைந்தன. புழுதி கிளம்பியதை அவரே பார்த்தார். அன்பழகனோ பதற்றத்தில் பக்கத்துப் பலகையைத் தன்னுடையது என்று எண்ணி, ஐந்தையும் ஏழாம் பலகையின் நடுவில் இறக்கிவிட்டார். அதிகாரி வந்து பார்த்தார். ஏழில் கைப்பிடி அகலத்துக்குள் ஐந்து ஓட்டை, ஆறில் ஒன்றுமில்லை. கண்ணையன் வாய் திறக்கவில்லை. அவரைப் போட்டிக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். அன்பழகனைப் பனிமலைக்கு மூட்டை சுமக்க அனுப்பினார்கள். அங்கே இடது காலில் மூன்று விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு, அவர் ஊருக்கு வந்து வலை பின்னினார். கண்ணையன் பிறகு நன்றாகவே சுடக் கற்றுக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பதக்கத்தையும் மாட்டும்போது காது சிவந்துபோனது.

தனிக் கொல்லை, ஒரே பலகை, ஒரு முறைக்கு ஒரே குண்டு. இங்கே விழும் ஓட்டை எனக்கு மட்டுமே சொந்தம் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் கருமருந்துக்குத் திரும்பினார். ஏழு மாதம் சுட்டார். புகை கலைந்து போய்ப் பார்த்தால் பலகை கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது.

அவர் மனைவி நிர்மலா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனவள் செய்தியைக் கொண்டுவந்தாள். பிள்ளைச்சாவடியில் கால் தாங்கி நடக்கிற பழைய மிலிட்டரிக்காரர் வீட்டில் ஞாயிறுதோறும் ஈயக் குண்டு வருகிறதாம். கண்ணையன் சோற்றில் கை வைத்தவர் எடுக்கவில்லை. அந்த வருடம் தேர்தல் வந்து, லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்துவிட்டு விசாரித்தார். இரண்டு மாதமாக அங்கே ஒன்றும் வரவில்லை. அதற்குமேல் சந்தேகப்பட இடமில்லாமல் பஸ் ஏறினார்.

அன்பழகன் வாசலில் வலையை விரித்து வைத்து, அது தண்ணீரில் அமிழ ஓரத்தில் பாரமாகக் குண்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தார். ஈயம் தட்டி ஓட்டை போட்டு, வரிசையாக. நிமிர்ந்து பார்த்து, "வா கண்ணையா" என்றார்.

கண்ணையன் உட்காரவில்லை. "அன்னிக்கி ஏழாம் பலகையில இருந்த அஞ்சும் உன்னுது" என்றார். சொல்லும்போது உடம்பு முழுக்கக் கூசியது.

"தெரியும். மண்ணுல புழுதி கெளம்புனத நானுந்தான் பாத்தேன்."

"அப்பறம் ஏன் நீ சொல்லல?"

"ஓட்டை உன் பலகையில இருக்கு. நான் சொன்னா எவன் நம்புவான்? நீ சொல்லணும். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

கண்ணையனுக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. இனிமேல் துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றார். செல்வாம்பாள்தான் குறுக்கே வந்தாள். "அப்படிலாம் நிறுத்திடாதீங்கண்ணே. ரெண்டு மாசமா வராம இந்த வலை பாதியில நிக்கிது."

அன்று வீட்டுக்கு வந்ததும் நிர்மலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கூடத்தில் மாட்டியிருந்த பதக்கங்களைக் கழற்றிப் பீரோவில் வைத்தாள். அடுத்த வாரம் முன்னாள் படைவீரர் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை, பிறகு டீ வந்தது. மன்னித்தேன் என்று அன்பழகன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது. பலகையை அவர் பிடுங்கிப் போட்டுவிட்டார், ஞாயிறுதோறும் வெறும் வடக்கைப் பார்த்துச் சுடுகிறார். போன வாரம் மருந்து இடித்து முடிக்கும்போது செல்வாம்பாள் போன் செய்தாள். "அண்ணே, அவரு இப்பதான் சாப்புட உக்காந்தாரு. முடிச்சதும் சொல்றேன், அப்பறம் சுடுங்க."

கண்ணையன் நிறைத்த துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மரநிழலுக்குக்கூடப் போகாமல், அன்பழகன் சாப்பிட்டு முடிக்கும்வரை வெயிலில் நின்றார்.