ஸ்கூட் போடாத சம்பந்தி

குத்தூசி விட்டுப் பார்க்காமல் ஒரு நெல் மூட்டையைக்கூட இறக்க விடாத ஆள் பாண்டிமுருகன். புதுவயல் அரிசி மில்லில் இருபது வருடமாக அதுதான் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்ததுதான் வினை. மகன் தேவாவுக்கு முப்பத்து நாலு வயது. ஏழு சம்பந்தத்தை நோண்டி நோண்டியே கெடுத்தாயிற்று. "இதையும் கெடுத்தீகன்னா அவன் நம்ம முகத்துலயே முழிக்க மாட்டான்" என்று மனைவி நாகவல்லி கார் ஏறும்போதே சொல்லியிருந்தாள்.

கோட்டையூரில் பெண் வீட்டுச் சாப்பாடு முடிந்ததும் பெண்ணின் அப்பா பூமிநாதன் பாயை விரித்துச் சீட்டுக்கட்டை வைத்தார். "வாங்க சம்பந்தி, ரம்மி போடுவோம்." காசு கிடையாது, வெறும் பாயிண்ட்தான். தேவாவும் உட்கார்ந்தான்.

கைக்கு வந்த சீட்டு சரியில்லை என்றால் எடுத்த எடுப்பிலேயே 'ஸ்கூட்' சொல்லி இருபது பாயிண்ட் தண்டத்தோடு ஒதுங்கிவிடலாம். பிடித்துக்கொண்டு ஆடித் தோற்றால் எண்பது. பூமிநாதன் முதல் ஆட்டத்தில் எண்பது வாங்கினார். அடுத்ததிலும் எண்பது. அவர் விரித்துக் காட்டிய கையைப் பார்த்துப் பாண்டிமுருகனுக்குத் திக்கென்றது. ஜோக்கர் இல்லை, ஒன்றோடொன்று சேரவில்லை. பச்சைப்பிள்ளைகூட இந்தக் கையை வைத்து ஆடாது. மனுஷன் சிரித்துக்கொண்டே ஆடுகிறார், தோற்கிறார்.

நம்மைக் குளிர வைக்கப் பார்க்கிறாரோ? எதற்கு? பெண்ணிடம் ஏதோ இருக்கிறது. நோயா, முன்னாலேயே நிச்சயமாகி நின்றுபோனதா? பாண்டிமுருகனுக்கு வாய் அரித்தது. அடுப்படி வாசலிலிருந்து நாகவல்லி கண்ணைக் காட்டினாள். அவர் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்.

பூமிநாதனுக்கு ஐந்தாவது எண்பது விழுந்ததும் பாண்டிமுருகன் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "மறைக்காமச் சொல்லுங்க. ஸ்கூட் போடாம வேணும்னே தோக்குறீக. பொண்ணுகிட்ட என்ன குறை?"

பூமிநாதனின் சிரிப்பு நின்றது. "ஸ்கூட்டுன்னா என்னங்க?"

உள்ளேயிருந்து பெண் அபி வந்துவிட்டாள். "அப்பாவுக்குச் சீட்டே தெரியாது. சீட்டுல உக்காந்தாத்தான் நீங்க மனசுவிட்டுப் பேசுவீகன்னு தரகர் சொன்னாரு. நாலு நாளா நான்தான் சொல்லிக்குடுத்தேன். முதல்லயே ஒதுங்கிக்கலாம்ங்கிறதைச் சொல்ல விட்டுப்போச்சு."

ஐயோ, இந்த வெள்ளந்தி மனுஷனைப் போயா கேட்டோம் என்று பாண்டிமுருகன் குறுகிப்போனார். "சும்மா கேட்டேன் சம்பந்தி. மனசுல வச்சுக்காதீக."

"அதனால என்னங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று பூமிநாதன் எழுந்தார். "ஆனா இந்தச் சம்பந்தம் வேணாம். ஒரு சீட்டாட்டத்துக்கே எம்பொண்ணைச் சந்தேகப்பட்டீக. அங்குட்டு வந்தா அது தினம் எதுக்கெல்லாம் பதில் சொல்லணுமோ."

தேவா எழுந்து அவரைக் கும்பிட்டான். அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, தனியாகப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.