இரண்டு துளை இறங்கிய அங்கவடி

விடியற்காலை நாலரை மணிக்கு, வட ஜப்பானின் ஹிடாகாவில், குதிரை மூத்திரம் ஊறிய வைக்கோல் பாறையாய் உறைந்து கிடக்கும். கவைக்கோலை ஓங்கிக் குத்திப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் என் இடது முட்டியில் சுருக்கென்று வலி கிளம்பி இடுப்புவரை ஏறும். உள்ளே ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன. குளிர் முதலில் அவற்றுக்குத்தான் தெரியும்.

பதினோரு மாதம் முன்புவரை, தொகாஷி நாகிசாவாகிய நான் இந்தப் பண்ணையில் சவாரிக்காரி. இளங்குதிரைகளைப் பந்தயத்துக்குப் பழக்குவது எங்கள் வேலை. அதில் கறுப்பன் என் குதிரை. ஏற்றப் பாதையில் குதிரையோடு விழுந்ததில் கீழ்க்கால் எலும்பு முறிந்தது, முட்டியில் தசைநார் அறுந்தது. "கால் தேறட்டும், கறுப்பன் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, முதலாளி குரொசு என்னைப் பாதிச் சம்பளத்தில் சாணி அள்ள விட்டார். காலிக் கொட்டடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் உட்கார்ந்து எழுவேன். முப்பது தடவை முடிந்தால் ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினெட்டுக்கு வந்திருந்தேன்.

கறுப்பன்மேல் இப்போது ஏறுவது ராஜஸ்தானிலிருந்து வந்த ஜேதுசிங். சவாரி முடிந்ததும் கறுப்பன் அவன் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்துக் கேரட் தேடும். முன்பு என் பையில்தான் தேடும். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். அவன் கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம், அதற்கும் வழியில்லை.

அன்று குரொசு லாயத்துக்குள் வந்தார்.

"தொகாஷி, மாசக் கடைசிக்குள்ள ஏறலேன்னா வீட்டைக் காலி பண்ணிடு. அது சவாரிக்காரங்களுக்குக் கட்டின வீடு. ஜேதுவைப் பாரு, ஒரு நாள் லீவு போட்டிருக்கானா?"

"குதிரை விழுந்து உடைஞ்ச காலு, முதலாளி."

"உனக்கு உக்காரத் தெரியலேன்னா குதிரையா பொறுப்பு?"

ஜேது அப்போதுதான் இறங்கிக் கை கழுவப் போயிருந்தான். சேணத்தைக் கழற்றப் போன என் கை நின்றது. கால் வைக்கும் அங்கவடியின் இடது வார் வலதைவிட இரண்டு துளை இறங்கியிருந்தது. முட்டி மடங்காதவர்கள்தான் அப்படி இறக்குவார்கள். எனக்கா தெரியாது? விழுவதற்கு முன் இரண்டு மாதம், முட்டி வலியை மறைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் ஓட்டினேன். தெரிந்தேதான் சொன்னேன்.

"உங்க ஜேது கோணலா உக்காந்து ஓட்டுறான், முதலாளி. கறுப்பன் முதுகு புண்ணாயிடும். வாரைப் பாருங்க."

குரொசு அவனைக் கூப்பிட்டுக் கால்சட்டையைச் சுருட்டச் சொன்னார். முட்டி வீங்கிப் பளபளத்தது. இலையுதிர்காலத்தில் ஒரு குதிரை அவனை வேலியோடு வைத்து நசுக்கியிருக்கிறது.

"அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பு" என்றார் அவனிடம். என் பக்கம் திரும்பினார். "கறுப்பன் உனக்கு. நாளைக்கே ஏறு."

பதினோரு மாதம் ஏங்கிய வார்த்தை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜேதுவின் முகத்தைப் பார்த்தபோது அது போய்விட்டது.

சேண அறையில் அடுப்பைச் சுற்றி ஜேதுவோடு ஆறு சவாரிக்காரர்களும் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"நான்தான் போட்டுக் கொடுத்தேன். பொறாமை."

மூத்தவரான ஹச்சியா உருண்டையைக் கீழே வைத்தார். "பெரிய காரியம் பண்ணிட்டே. போ, கறுப்பனைக் கட்டிக்கிட்டு அழு."

"எனக்கும் உங்க மேல பொறாமைதான், தொகாஷி சான்" என்றான் ஜேது.

"இந்த நொண்டி மேலயா?"

"உங்க காலை எக்ஸ்ரே எடுத்தாங்க. தகடு வெச்சாங்க. என் காலுக்குள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு எனக்கே தெரியாது. வாயைத் திறந்தா விமானம்தானே?"

ஹச்சியா குனிந்து தன் கால்சட்டையைச் சுருட்டினார். பிறகு பக்கத்திலிருந்தவர். அந்த அறையில் ஒழுங்கான முட்டி வைத்திருந்தது இரண்டே பேர்.

மறுநாள் விடியலில் ஆறு குதிரைகளுக்கும் சேணம் பூட்டினோம். யாரும் மேலே ஏறவில்லை. ஆளில்லாத குதிரைக்குச் செய்வதுபோல அங்கவடிகளை மேலே ஏற்றிச் சொருகிவிட்டு, பனியில் கயிறு பிடித்து ஏற்றப் பாதையில் நடந்தோம். குரொசு வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"யாரு இறங்கச் சொன்னது? ஏறுங்கடா!"

"விழுந்தா வேலையில விழுந்ததுன்னு எழுதிக் குடுங்க" என்றார் ஹச்சியா. "ஜேதுவுக்கு வைத்தியம் பாருங்க. தேறுற வரைக்கும் முழுச் சம்பளம், தேறினதும் திரும்பக் குதிரை. அதுவரைக்கும் குதிரையும் நடக்கும், நாங்களும் நடப்போம்."

"தொகாஷி! கறுப்பன் உனக்குன்னு சொன்னேனே! நீயாவது ஏறு!"

சொருகிக் கிடந்த அங்கவடியைப் பார்த்தேன். கை போகத்தான் பார்த்தது.

"பதினெட்டுதான் ஆகியிருக்கு, முதலாளி. முப்பது ஆனதும் ஏறுறேன். ஜேதுவும் பக்கத்துல உக்காந்து எந்திரிக்கட்டும்."

"எல்லாரையும் துரத்திட்டு வேற ஆளுங்களைக் கொண்டாறேன்!" என்று போனைக் காதில் வைத்தபடி அவர் வண்டிக்குத் திரும்பினார். கொண்டுவரவும் கூடும்.

ஏற்றம் இன்னும் பாதி இருந்தது. கறுப்பனுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் ஜேதுவும் நொண்டிக்கொண்டே நடந்தோம். கறுப்பன் கழுத்தைத் திருப்பி அவன் பைக்குள் மூக்கை நுழைத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"எனக்கும் ஒண்ணு குடுடா" என்று கை நீட்டினேன்.

ஜேது கேரட்டை இரண்டாக ஒடித்து, பெரிய துண்டை என்னிடம் கொடுத்தான்.