சுடாத மணல்

என் கணவர் கைலாசபதிக் குருக்கள் உலகத்தில் ஒருவருக்கும் பயப்படமாட்டார், கைத்தொலைபேசிக் கமராவைத் தவிர.

அந்தப் பயத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு சுகாதாரத் திட்டம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய கோயில் பணியாளர்களுக்கு இணையவழியில் சுகநல வகுப்பு நடத்துவதாக யாழ்ப்பாணத்தில் ஒரு நலன்புரி அமைப்பு புறப்பட்டது. நயினாதீவில் எங்கள் சின்னப் பிள்ளையார் கோயிலிலிருந்து குருக்களையும், நாதஸ்வரக்காரரையும், மாலை கட்டுகிறவரையும், மடத்தில் சமைக்கும் சிவக்கொழுந்தக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வகுப்பை வெள்ளிக்கிழமை மாலையில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் எந்தக் கோயில்காரன் வீட்டில் இருப்பான்? ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகுதான் புதன்கிழமைக்கு மாற்றினார்கள்.

மற்றவர்கள் கமராவுக்கு முன்னால் கையை நீட்டி, கழுத்தைத் திருப்பிச் சொன்னதெல்லாம் செய்தார்கள். எங்கள் ஐயரோ போனைச் சுவர்க் கலண்டருக்கு நேரே திருப்பி வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பார். சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவைப் பற்றிய வகுப்பு நடந்த அன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் புக்கையை, கோயில் பொங்கலை, சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே பத்து வருடமாகச் சீனி. நான் கிண்ணத்தைப் பிடுங்கப் போனேன்.

"பிரசாதத்திலை சீனி ஏறாது, வர்த்தினி" என்றார்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் திருவிழாவுக்கு முதல் வாரம் அந்தப் பயிற்சி வந்தது. வெறுங்காலுடன் வேலை செய்கிறவர்கள், அதிலும் சீனி உள்ளவர்கள், இரண்டு உள்ளங்காலையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அன்று மாலை போனைத் திறந்தால் குழுவில் ஒரே பாதங்கள். சிவக்கொழுந்தக்காவின் வெடித்த குதிக்கால், நாதஸ்வரக்காரரின் ஆணி விழுந்த கால், மாலை கட்டுகிறவரின் காலில் ஒட்டிக் கிடந்த துளசி இலை எல்லாம் பார்த்தேன். குருக்களின் பாதம் மட்டும் இல்லை.

"நான் அனுப்பமாட்டன்" என்றார். "உந்த வகுப்பு எடுக்கிற தாதிப் பிள்ளை ஆரெண்டு தெரியுமோ உமக்கு? எங்கடை வடக்கு வீதிக் கம்சிகா. அவளுக்கு ஏடு தொடக்கினவன் நான். அரிசியிலை விரலைப் பிடிச்சு அ எழுதுவிச்சனான். தாய் தேப்பனோடை வந்து என்ரை காலிலை விழுந்து எழும்பின பிள்ளைக்கு, நான் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டிறதோ?"

 பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீடுகளில் குழந்தைகூடப் பெரியவர்களுக்கு நேரே கால் நீட்டினால் தட்டி மடக்குவோம்.

கொடியேறியது. அவருடைய கையில் காப்புக் கயிறு கட்டினார்கள். காப்புக் கட்டிய குருக்கள், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எங்களுக்கு ஊர் எல்லை கடல். செத்த வீடு என்றாலும், பிள்ளைப்பேறு என்றாலும், அந்தக் கை கடலைத் தாண்டாது.

ஆனி மாத வெயில். பகல் திருவிழாவில் சுவாமி வெளிவீதி சுற்றும்போது மணல் அடுப்புச் சாம்பல் மாதிரிச் சுடும். சுவாமி தூக்குகிற பெடியள் கால் மாற்றி மாற்றித் துள்ளுவார்கள். இவர் மட்டும் நிதானமாக, மந்திரம் பிசகாமல் நடந்தார். சனம் பார்த்து வாயைப் பிளந்தது.

"ஐயாவுக்குச் சுடேல்லையோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"முந்திச் சுடும். போன வருசத் தேரிலை இருந்து சுடுறேல்லை. எல்லாம் அவன்ரை அருள்" என்றார்.

கேட்டவர் அந்த மணலிலேயே விழுந்து அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. புக்கைக்கு வைத்த பானையை மறந்து முற்றத்துக்கு வருவேன், முற்றத்துக்கு ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பிப் போவேன். திருவிழா வேலையின் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நிலமும் என் வேலையைக் கூட்டியது. சீமெந்து நிலத்தில், வாசலிலிருந்து சாய்மனைக் கதிரை வரை, சிவப்புத் திட்டுகள். ஐயர் வீட்டில் சிவப்பு புதினமில்லை. குங்குமம் இருக்கும், ஆலாத்தித் தண்ணீர் இருக்கும், திருவிழா நாளில் எல்லாம் காலோடுதான் வரும். நான் ஈரத்துணியால் துடைத்தபடி சத்தம் போட்டேன்.

"குங்குமக் காலோடை உள்ளுக்கு வராதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிறது? ஒரு வாளி தண்ணி வாசலிலை வைச்சிருக்கிறன், கண் தெரியேல்லையோ?"

"கழுவிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார். நான் நம்பவில்லை. அடுத்த நாளும் துடைத்தேன், அடுத்த நாளும் பேசினேன்.

தேருக்கு முதல் நாள் மத்தியானம், பூசை முடிந்து வந்து சாய்மனைக் கதிரையின் நீட்டுக் கைகளில் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நித்திரையாகிவிட்டார். நான் குசினியிலிருந்து வந்தேன். அவருடைய உள்ளங்கால்கள் என் முகத்துக்கு நேரே இருந்தன. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவருடைய உள்ளங்காலை நான் இப்படி நின்று பார்த்ததில்லை.

இடது குதிக்காலுக்குச் சற்று முன்னால் தோல் வெள்ளையாக ஊறிப் பிளந்திருந்தது. உள்ளே கறுப்பாக ஒன்று. குனிந்து பார்த்தேன். சிரட்டைத் துண்டு. கோயில் வாசலில் சிதறு தேங்காய் அடிக்கிற இடத்தில் கூட்டக் கூட்டக் கிடக்கிற சிரட்டை. அரை விரல் நீளமாவது உள்ளே போயிருக்கும். அதைச் சுற்றிப் பாதம் சிவந்து வீங்கி, ஓரத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

நான் விரலால் தொட்டேன். பிறகு அமர்த்தினேன். அவருடைய குறட்டை ஒரு சொட்டும் மாறவில்லை.

அப்போதுதான் எனக்கு நிலத்துச் சிவப்பு விளங்கியது. இரண்டு நாளாக நான் துடைத்தது குங்குமம் இல்லை. 

அவருடைய போனையே எடுத்துப் படம் பிடித்தேன். வீட்டுக்குள் சிக்னல் ஒழுங்காக இல்லை. கிணற்றடிக்கு ஓடினேன். கம்சிகாவுக்கு அனுப்பினால் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிணற்றடியிலிருந்து வாசல் படலைக்கு, படலையிலிருந்து கிணற்றடிக்கு நடந்தேன். அவர் எழும்பினால் என்ன சொல்வது, எழும்பாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் பயம். படம் போய்ச் சேர்ந்த உடனேயே அவள் வீடியோவில் எடுத்தாள்.

"அம்மா, உது ஐயாவின்ரை காலோ?"

"ஓம் பிள்ளை."

"தொட்டா நோகுதாமோ?"

"அவர் நித்திரை. அமர்த்திப் பாத்தனான். எழும்பேல்லை. மணலும் தனக்குச் சுடுறேல்லை எண்டவர்."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "அம்மா, அதை இழுத்து எடுக்காதேங்கோ. சுத்தமான துணியாலை சுத்துங்கோ. இண்டைக்கே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்கோ. நாளைக்கெண்டு சொல்லாதேங்கோ. வீக்கம் மேலை ஏறினா காலையே எடுக்க வேண்டி வரலாம்."

"தேர் நாளைக்கு, பிள்ளை. கையிலை காப்பு."

"ஐயாவோடை நான் கதைக்கிறன்" என்றாள்.

நான் போனைக் கொண்டுபோய் அவரை எழுப்பினேன். கண்ணைத் திறந்ததும் தன் முகத்துக்கு நேரே கம்சிகாவைக் கண்டார். சட்டென்று இரண்டு காலையும் இழுத்து மடக்கிக்கொண்டார்.

"என்ரை காலை அவளுக்குக் காட்டினீரோ?" என்றார் என்னைப் பார்த்து. அவருடைய குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் கூட.

"ஐயா," என்றாள் அந்தப் பிள்ளை, "மணல் சுடுறேல்லை எண்டு வகுப்பிலை ஒருநாளும் நீங்கள் சொல்லேல்லையே?"

"அதென்ன வருத்தமே சொல்லுறதுக்கு? அருள் அது."

"இல்லை ஐயா. சீனியாலை காலிலை உணர்ச்சி செத்துப்போச்சு. அதாலைதான் சிரட்டை ஏறினதும் தெரியேல்லை. தயவுசெய்து வாங்கோ ஐயா. நான் ஆஸ்பத்திரி வாசலிலை நிக்கிறன்."

அவர் நிமிர்ந்து இருந்தார். பிறகு காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினார். "இதோடை கடல் தாண்ட ஏலாது, பிள்ளை. நோவுமில்லை. தேர் முடியட்டும், தீர்த்தம் முடியட்டும், வாறன்." போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அழுதேன். கெஞ்சினேன். உங்களுடைய தம்பி மயூரநாதன் இருக்கிறான், உங்களுக்கு அடுத்ததாக எல்லாம் செய்கிறவன்தானே, அவனுடைய கையில் காப்பைக் கட்டலாமே என்றேன். அசையவில்லை. காலை எடுப்பார்களாம் என்றேன். பிள்ளையார் பார்ப்பார் என்றார். சுவரில் போய் முட்டலாம் போல இருந்தது. மூன்று மணிப் படகு இறங்குதுறையில் வந்து நிற்கிற நேரம். அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நடக்கிறபோது நான் துடைத்த இடத்தில் என் கால் பட்டது.

அங்கேயே நின்றேன். அவருக்கு நோகிற இடம் ஒன்று மிச்சம் இருப்பது எனக்குத் தெரிந்தது. அதைத் தொட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் தொட்டேன்.

"இஞ்சேருங்கோ," என்றேன். "ரெண்டு நாளா இந்த நிலத்திலை நான் துடைச்சது குங்குமமில்லை, ரத்தம். உந்தக் காலோடைதான் மூலஸ்தானத்துக்கை போய் வந்தனீங்கள்."

கண்ணைத் திறந்தார்.

"என்ன?"

"ரத்தம். பிள்ளையாருக்கு முன்னாலை."

அவருடைய முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. மூலஸ்தானத்தில் ரத்தம் சிந்தினால் பூசை நிற்க வேண்டும், கோயில் கழுவ வேண்டும், புண்ணியாகம் செய்ய வேண்டும். காயத்தோடு ஒரு குருக்கள் உள்ளே கால் வைக்கவே கூடாது. இதெல்லாம் எனக்கே தெரியும் என்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும்? மடக்கியிருந்த இடது காலைத் தூக்கி, தன் மடியில் போட்டு, முதல்முறையாகத் தானே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னது சரி, ஆனாலும் சொன்ன வாயை அறையலாம் போல இருந்தது.

"மயூரனைக் கூப்பிடும்" என்றார்.

மயூரநாதன் ஓடிவந்தான். கோயில் கழுவுவதற்கும் புண்ணியாகத்துக்கும் என்னென்ன வேண்டும் என்று இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், குரல் தடுக்காமல் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துத் தன் கையிலிருந்த காப்பை அவிழ்த்துத் தம்பியின் கையில் கட்டினார். முடிச்சை மட்டும் இரண்டு தரம் அவிழ்த்துப் போட்டார்.

"தேரை நிதானமா இழுப்பி. தென்மேற்கு மூலையிலை மணல் இளக்கம்" என்றார். மயூரநாதன் விம்மினான்.

நான் காலைச் சுற்றினேன். இறங்குதுறை வரை ஓட்டோ, பிறகு படகு. படகில் எனக்கு இருக்க முடியவில்லை, எழும்பினால் நிற்கவும் முடியவில்லை. கரை நெருங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. அவர் நயினாதீவுப் பக்கம் திரும்பவேயில்லை. வெறும் மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார். படகில் வந்த யாத்திரீகர் ஒருவர் குருக்கள் என்று கண்டு காலைத் தொடக் குனிந்தார். இவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அக்கரையில், குறிகட்டுவானில் இறங்கினோம். இறங்குதுறைச் சீமெந்து வெயிலில் கொதித்துக் கிடந்தது. சனம் செருப்போடும் அவசரமாக நடந்தது. நான் பையில் ஒரு சோடி செருப்பு எடுத்து வந்திருந்தேன். வகுப்பில் சொன்ன நாளிலேயே வாங்கி, பேச்சு விழும் என்று அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தது. அதை எடுக்கக் குனிந்தேன்.

"பொறும்" என்றார்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு, காயமில்லாத வலது காலை, வெறுங்காலை, அந்தச் சீமெந்தில் வைத்தார். பாரம் முழுவதையும் அதில் கொடுத்து நின்றார். பக்கத்தில் எங்களைத் தாண்டி ஒரு சின்னப் பெண் பிள்ளை செருப்புக் கழன்று, "ஐயோ சுடுது" என்று துள்ளித் தாயின் இடுப்பில் ஏறியது. இவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு கீழே, தன் காலைப் பார்த்தார். காத்துக்கொண்டு நின்றார். நானும் காத்துக்கொண்டு நின்றேன்.

"வர்த்தினி," என்றார் மெதுவாக, "இதுவும் சுடேல்லையப்பா."

நான் செருப்பை எடுத்தேன். அவர் அந்தக் காலைத் தூக்கி, உள்ளங்கால் எனக்குத் தெரிய, செருப்புக்காக நீட்டினார்.