ஒரே ஒரு சொல்தானே

ஜன்னல் துடைப்பதில் ராத்மிலா படுமோசம். மூலைகளில் சோப்பு நுரையை அப்படியே விட்டுவிடுவாள். சரித்திரப் பேராசிரியரை ஏணியில் ஏற்றினால் வேறென்ன நடக்கும்? அவள் பின்னாலேயே போய், திட்டிக்கொண்டே நான் துடைப்பேன்.

சோவியத் டாங்கிகள் செக் தலைநகர் பிராகுக்குள் வந்து மூன்றாவது ஆண்டு அது. அதைப் 'படையெடுப்பு' என்று பாடப்புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்ததால் பல்கலைக்கழகத்திலிருந்து அவளைத் துரத்தினார்கள். 'சகோதர உதவி' என்று எழுதியிருக்க வேண்டுமாம். அப்படித்தான் என்னோடு ஜன்னல் துடைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

"உதவிக்கு வந்த விருந்தாளிங்கன்னா, எப்பதான் கிளம்புவாங்களாம்?" என்று நான் கேட்டால் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள்.

அன்று கல்வி அலுவலகத்தில் வேலை. முதல் மாடி ஜன்னலை உள்ளிருந்து திறந்தவர் ஓதகார். அந்தப் பாடத்தை அவளோடு சேர்ந்து எழுதியவர். சொல்லை மாற்றிக் கொடுத்து, பெரிய நாற்காலியும் வாங்கிக்கொண்டார்.

"குளிர்ல என்ன கோலம் இது, ராத்மிலா? ஒரே ஒரு சொல்தானே, மாத்திக் குடு. வேலை திரும்பக் கிடைக்கும். ஹெத்விகாவுக்கு மருத்துவக் கல்லூரி சீட்டும் என் பொறுப்பு."

ஹெத்விகா அவள் மகள். படிப்பில் புலி. தாயின் பெயரைப் பார்த்தே அவளுடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ராத்மிலாவின் கை நின்றுவிட்டது. தனக்காக மட்டும் என்றால் அங்கேயே மறுத்திருப்பாள். நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இது பொண்ணோட வாழ்க்கை. அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள்.

"கேளு, கேளு. அவளாவது புத்தியோட இருப்பா."

மறுநாளும் அதே அலுவலகத்தில்தான் வேலை. ராத்மிலா அழுது வீங்கிய கண்களோடு வந்தாள். பின்னால் ஹெத்விகா, கையில் வாளியோடு.

"பைத்தியமாடி உனக்கு? டாக்டராக வேண்டிய பொண்ணு!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்குள் அப்படியொரு பெருமை.

"அம்மாவுக்கு மூலை துடைக்க வரலைன்னு நீங்கதானே மாமா புலம்பினீங்க? தள்ளுங்க."

நேராக ஓதகாரின் ஜன்னலுக்கு ஏணியைச் சாய்த்து ஏறினாள். அவர் பதறிப்போய் ஜன்னல் கதவைத் திறந்தார்.

"என்னம்மா இது? அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"எல்லாம் சொன்னாங்க. ஒரே ஒரு சொல்தானே சார், நீங்களே திருப்பி மாத்திடுங்களேன்."

ஓதகார் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டார். ஹெத்விகா துணியைப் பிழிந்து, நிதானமாகத் துடைத்தாள். மூலையில்கூட ஒரு பொட்டு நுரை இல்லை.