முதுகில் மூன்று பைகள்

கூடத்தில் சைக்கிள் நின்றிருந்த இடத்தில்தான் அண்ணனைக் கிடத்த வேண்டியிருந்தது. கோகுல்நாத் ஒரு கையால் இருக்கையையும் மறு கையால் ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹேண்டில்பாரையும் பற்றி, உறவினர்களின் கால்களுக்கு நடுவே அதை வாசலுக்கு உருட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"தம்பி, வெயில்ல நிறுத்திராதீங்க. டயரு வெடிச்சிரும். அப்புறம் உங்கண்ணன் என்னையத்தான் வைவாரு" என்றாள் அண்ணி பத்மாசினி.

சொன்ன பிறகுதான் சொன்னது இன்னதென்று அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று கோகுல்நாத்துக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஜூன் மாதத்து வெயில், காலை ஒன்பது மணிக்கே தல்லாகுளத்தை வாட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடிப்படியின் கீழே ஒரு முழம் நிழல் இருந்தது. அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்தார். நேற்று எண்ணெய் விட்டதுபோல் சங்கிலி மின்னியது.

கோகுல்நாத்துக்கு ஜவுளிக்கடை, வேட்டியும் துண்டும்தான் முக்கிய வியாபாரம். முப்பது ஆண்டுகளாக வெள்ளை விற்றவர், வெள்ளையே உடுத்தியவர். சலவைக்குப் போட்ட நல்ல சட்டை ஒன்று இரண்டு மாதங்களுக்கு முன் காணாமல் போனதிலிருந்து, சலவைக்காரர் காளையோடு பேசுவதையே நிறுத்திவிட்ட மனிதர். அப்படிப்பட்டவரிடம் அண்ணன் ஜனகராஜ் கேட்டுவிட்டுப் போன காரியம், செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கத்தில் வேறு யாரும் இல்லாத வேளையில், ஜனகராஜ் மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு சொன்னார்: "கோகுலு, என்னையத் தூக்கிட்டுப் போற அன்னைக்கு நம்ம பயலுக அஞ்சு பேரும் புது ஜெர்சியோட முன்னாடி ஓட்டிட்டுப் போகணும். வெள்ளக் கும்பலுக்கு நடுவுல கொண்டு போயிராதடா."

"சரிண்ணே. நீ மொதல்ல குழாய மாட்டு."

நோயாளியிடம் சொல்லும் சரி அது. சனிக்கிழமை விடியும்போது ஜனகராஜ் போய்விட்டார். அவர் சைக்கிளில் கிளம்பும் ஞாயிறுக்கு ஒருநாள் முந்திக்கொண்டார்.

அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு நகர்த்திய ஜனகராஜ், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு மனிதர். விடியும் முன் கிளம்பிக் கொட்டாம்பட்டியில் தேநீர் குடித்துவிட்டு, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார். இராமேசுவரத்துக்கு நான்கு முறை, கன்னியாகுமரிக்கு இரண்டு முறை போயிருந்தார். ஒருமுறை கொடைக்கானலுக்கும் போனார். அதில் பாதி வழி அவர் சைக்கிளை ஓட்டவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சேர்ந்து ஓட்ட ஐந்து பேர் கிடைத்ததும், தம் கூட்டத்துக்கென ஒரு ஜெர்சி, சைக்கிள் பந்தயக்காரர் போடும் சட்டை, வேண்டும் என்று தொடங்கினார். அந்தச் சட்டையின் நிறம் முடிவாகப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

கேபிள் டி.வி.யில் வெளிநாட்டுப் பந்தயம் ஓடினால், யார் முந்துகிறார் என்று அவர் பார்க்கமாட்டார், சட்டையைத்தான் பார்ப்பார். "இத்தனை விளம்பரம் ஒட்டினா அது சட்டையா, சினிமாக் கொட்டகைச் சுவரா?" என்று பெட்டியோடு வாதாடுவார். அவருடைய விதிகள் கறாரானவை. இரண்டு நிறங்களுக்கு மேல் கூடாது. நெஞ்சில் எழுத்து கூடாது, ஏனென்றால் குனிந்து ஓட்டுகிறவனின் நெஞ்சைப் பார்ப்பது தார்ச்சாலை மட்டுமே. பைகள் மூன்று, மூன்றும் முதுகில்: ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் பஞ்சர் ஒட்டும் சாமான், ஒன்றில் பேருந்துக்குச் சில்லறை. முன்னால் பை வைத்தால் குனிந்ததும் எல்லாம் கொட்டிவிடும்.

"வெள்ளைக்கு என்னண்ணே குறைச்சல்?" என்று கோகுல்நாத் ஒருமுறை கடையில் வைத்துக் கேட்டுவிட்டார். அதற்கு ஒரு கதை கிடைத்தது.

"ஒரு கம்மாக்கரையில கொக்கும் மீன்கொத்தியும் இருந்துச்சு. கொக்கு சொல்லுச்சு, நான் எம்புட்டு வெள்ளை, எம்புட்டுச் சுத்தம், நீ என்ன திருவிழாக் கடை மாதிரி இருக்கன்னு. அதுக்கு மீன்கொத்தி சொல்லுச்சு, நீ ஒத்தக் கால்ல நிக்கிற ஆளு. நிக்கிற ஆளுக்கு வெள்ளை போதும். நான் பறக்கிற ஆளு. எங்கிட்டுப் போறேன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

கதையின் கொக்கு யார் என்பது கடைப் பையன்கள் வரை தெரிந்துவிட்டது. கோகுல்நாத் ஒரு வாரம் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து மணிக்கு அந்த ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவர் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் முத்துக்கருப்பன். இருபது கிலோமீட்டரைச் சைக்கிளிலேயே ஓட்டி வந்திருந்தார். மாலையைச் சாத்திவிட்டு, நண்பரின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு வாசலுக்கு வந்து கோகுல்நாத்தின் பக்கத்தில் அமர்ந்தார்.

"ஜெர்சி வந்துருச்சா தம்பி?"

"இல்லண்ணே. பள்ளிக்கூடம் தெறந்திருக்குல்ல, டெய்லருக்கு யூனிபாரம் தைக்கவே நேரமில்ல போல."

அது பொய்யில்லை. அண்ணன் கேட்ட காரியத்தை மட்டும் சொல்லாமல் விட்டார். ஜெர்சி வராவிட்டால் பேச்சே எழாது; சாதிசனம் கூடியிருக்கும் இடத்தில் மானமும் போகாது.

"பதினோரு வருசம் வெத்தலைப் பச்சை கேட்டேன்" என்று முத்துக்கருப்பன் பொதுவாகச் சொன்னார். "வயக்காட்டுல பச்சை போட்டா லாரிக்காரன் உன்னைய நாத்துன்னு நெனைப்பான்டான்னு சொல்லிட்டாரு. சரி, செவப்புங் கறுப்பும் போடுவோம்னு ஒரு வருசம் போட்டோம். கொட்டாம்பட்டி டீக்கடையில எந்தக் கட்சி, எங்க கூட்டம்னு கேட்டான். அடுத்து மஞ்சளும் பச்சையும். அதுக்கும் ஒருத்தன் கைய எடுத்துக் கும்புட்டு, எங்க தெருவுக்குக் குழாய் போட்டுக் குடுங்கண்ணேன்னான்!"

பந்தலுக்குள் சிரிப்பு எழுந்தது. எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு கட்சி இருந்தது. அதுதான் ஜனகராஜின் பதினோரு ஆண்டுத் துயரம். கடைசியில் கத்தரிப்பூ நிறமும், தோளில் எலுமிச்சை மஞ்சள் பட்டையும் என்று முடிவாயிற்று. அதைக் கட்டியாள எந்தத் தலைவருக்கும் துணிவு வராது என்று அவர் கணக்கிட்டிருந்தார்.

உள்ளே பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்புக் கேட்டது. கோகுல்நாத் எட்டிப் பார்த்தார். சிரித்தது அண்ணி.

பூ வாங்கிவர வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் செல்லூருக்குக் கிளம்பினார். பூவும் வாங்க வேண்டியதுதான். ஆனால் அங்கே கடை வைத்திருக்கும் தையற்காரர் வெள்ளைத்துரை பாசத்தில் மூட்டையோடு வீட்டு வாசலில் வந்து நின்றுவிடக் கூடாதே என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

கடைக்குள் காக்கி நிக்கர்கள் மலைபோல் குவிந்திருந்தன. வெள்ளைத்துரையின் கண்கள் சிவந்திருந்தன.

"வாங்கண்ணே. காலையில சேதி வந்துச்சு. யூனிபாரத்தையெல்லாம் ஓரங்கட்டிட்டு இதுலயே உக்காந்துட்டேன். இப்பத்தான் பட்டன் முடிச்சேன். நானே கொண்டு வாரேன்னு இருந்தேன்."

பையிலிருந்து ஒரு சட்டையை உதறி விரித்தார். பின்மாலை வானத்தைக் கத்தரித்துத் தைத்ததுபோல் இருந்தது அது. கோகுல்நாத் ஜவுளிக்காரர், நல்ல நிறத்தைக் கண்டால் அவர் கை தானாகத் துணியைத் தடவும். தடவினார். பிறகு கை நின்றது.

"பை நெஞ்சுல இருக்கே?"

"ஆமாண்ணே, மூணு பை." வெள்ளைத்துரையின் முகத்தில் பெருமை தெரிந்தது. "உங்கண்ணன் வரைஞ்சு குடுத்த படத்துல முதுகுல இருந்துச்சு. பாவம், ஒடம்பு முடியாத நேரம், முன்னைப் பின்னா மாத்திப் போட்டுட்டாருன்னு நானே திருத்திட்டேன். முதுகுல யாருண்ணே பை வைப்பா? கை எட்டுமா?"

கோகுல்நாத் சட்டையைத் திருப்பி முதுகைப் பார்த்தார். காக்கி நிக்கர்களின் மேல் கையூன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பதினோரு ஆண்டு ஆராய்ச்சி, ஒரே காலையில் திருத்தப்பட்டுவிட்டது! வெள்ளைத்துரை ஒன்றும் புரியாமல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

சிரிப்பு அடங்கியபின், பதினாறாம் நாள் கழியட்டும், இப்போது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தையற்காரர் சட்டைகளை எண்ணி அடுக்கத் தொடங்கியிருந்தார்.

"ஏழு சட்டை. சரியாப் பாத்துக்கங்க."

"அஞ்சு பேரு. அண்ணனோட ஆறு. ஏழாவது யாருக்கு?"

வெள்ளைத்துரை ஏழாவது சட்டையின் மேல் அதற்குரிய அளவுச் சட்டையை மடித்து வைத்தார். வெள்ளைச் சட்டை. கழுத்துப்பட்டையின் உட்புறம் சலவைக்காரர் காளையின் குறி.

"சலவைக்காரரு கொடியிலேருந்து உருவிட்டு வந்தேன்டான்னு சொன்னாரு. வயித்துக்கு ரெண்டு இஞ்சு கூட விட்டுருக்கேன்ணே, அவருதான் விடச் சொன்னாரு. இவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதேன்னு கேட்டதுக்கு, தெரியும்டா, சின்னப்பிள்ளையில எனக்கு முன்னாடி பழகுனவன் அவன், ஒரு நாளைக்கு வருவான்னாரு."

கோகுல்நாத் காணாமல் போன தம் சட்டையை எடுத்து மடிப்புக் கலையாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"பூக்கடை எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்த கடைதான். பிறகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அண்ணியிடம்தான் முதலில் சொன்னார். வியாழக்கிழமை நடந்ததையும், தாம் மறைத்ததையும் சேர்த்தே சொன்னார். பத்மாசினி கணவரின் சட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"பை முன்னாடி இருக்கு."

"ஆமாண்ணி."

"இதப் பாத்தா எந்திரிச்சு உக்காந்துருவாரு தம்பி. கால்மாட்டுல வைங்க. முகத்துக்கு நேரா வேணாம்."

மூன்று மணிக்கு ஐந்து பேரும் கத்தரிப்பூ நிறத்தில் வாசலில் நின்றார்கள். முத்துக்கருப்பன் தம் நெஞ்சுப் பைகளைத் தட்டிப் பார்த்து, "வெத்தலை வைக்க வசதியாத்தான் இருக்கு மாப்ள" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். உறவில் மூத்தவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு கோகுல்நாத்திடம் வந்தார்.

"என்னப்பா இது, சாவு வீடா, சர்க்கஸ் கூடாரமா? நீயாவது சொல்லக் கூடாதா?"

"அண்ணே கேட்டாரு மாமா. நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டு அறைக்குள் போனவர் வெளியே வரும்போது ஏழாவது சட்டையில் வந்தார். இரண்டு அங்குலம் கூட விட்டும் வயிற்றருகே பட்டன் திணறியது. மூத்தவர் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எதிர்வீட்டு மாடிப்படியின் கீழிருந்து சைக்கிளை எடுத்துவந்து கோகுல்நாத்தின் கையில் கொடுத்தது முத்துக்கருப்பன்தான்.

ஜனகராஜின் மகன் பாலகணேஷ் தீச்சட்டியோடு முன் வர, பாடை எழுந்தது. வழியெல்லாம் பொரி இறைப்பது தம்பியின் பொறுப்பு. சைக்கிளில் உட்கார்ந்தவருக்கு இரண்டு கையும் ஹேண்டில்பாருக்கே போதவில்லை. அவர் சைக்கிள் ஓட்டி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

"பையில போட்டுக்கங்க தம்பி. பத்தடிக்கு ஒருக்க நிறுத்தி இறைச்சுக்கலாம்" என்று முத்துக்கருப்பன் அவருடைய மூன்று பைகளிலும் பொரியை அள்ளித் திணித்தார். "மெல்லப் போகணும். பொங்கலுக்கு நடக்குற ஸ்லோ ரேஸ்ல உங்கண்ணனை ஒருத்தனும் ஜெயிச்சதில்ல. கடைசியா வாரவருதான் கெலிப்பாரு. இன்னைக்கும் நம்மளையெல்லாம் முன்னாடி விட்டுட்டுப் பின்னாடிதான் வாராரு, பாருங்க."

வாசற்படியில் நின்ற பத்மாசினி சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் கோகுல்நாத்தைப் பார்த்தாள்.

ஆறு சைக்கிள்கள் நடைவேகத்தில் தத்தனேரிச் சுடுகாட்டுச் சாலையில் நகர்ந்தன. எதிரே வந்த லாரிக்காரர் தொலைவிலேயே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். முதல் நூறடிக்குள் கோகுல்நாத் இருமுறை காலை ஊன்றினார். மூன்றாம் முறை ஊன்றவில்லை. வளைந்த ஹேண்டில்பாரைப் பிடிக்க அவர் குனிய வேண்டியிருந்தது. குனிந்ததும் நெஞ்சுப் பைகளிலிருந்து பொரி தானாகவே சரிந்து, முன்சக்கரத்தின் இருபுறமும் மெல்லப் பொழிந்தது.

"தம்பி, கொட்டுது!" என்று பின்னாலிருந்து முத்துக்கருப்பன் கத்தினார்.

கோகுல்நாத் திரும்பிப் பார்த்தார். வெயில் தாழ்ந்த தார்ச்சாலையில் வீட்டுத் தெருவிலிருந்து அவருடைய சக்கரம் வரை வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து வந்திருந்தது. அதன்மேல் அண்ணன் வந்துகொண்டிருந்தார்.

அவர் முன்னால் திரும்பி, இன்னும் சற்றுக் குனிந்துகொண்டார்.