இரண்டு பிராசசர் வந்த வீடு

என் கணவர் ஒரு பொருளைப் புகழ ஆரம்பித்தால் முதலில் உட்கார இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டே கேட்டால் கால் கடுத்துப்போகும். அந்த விடுமுறை நாள் காலையில், அவர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க என் மேஜையடியில் இறக்கினார்.

“ரெண்டு பிராசசர்! ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு மூளை. ஒண்ணு ஒரு வேலைய பார்த்துட்டு இருக்கும்போதே இன்னொண்ணு வேற வேலைய பார்க்கும்.”

“ஒரே மூளைய வெச்சுக்கிட்டு நானும் அதத்தானே பண்ணிட்டு இருக்கேன்?” என்றேன். அவர் காதில் விழவில்லை. பிளக் பாயிண்ட்டைத் தேடி மேஜைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தார்.

எனக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. ஒரு மருத்துவமனையின் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள்; அதை ஹெட்போனில் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். கெட்டுப்போன சிறுநீரகம் வலதா இடதா என்று நான்தான் உயிரைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சாயங்காலத்துக்குள் காது எரியும், கழுத்து மரத்துப்போகும். நடுநடுவே சமையல், துணி, அத்தைக்கு மாத்திரை. அத்தை என்றால் என் மாமியார். முட்டிவலியால் அடுத்த அறையை விட்டு அதிகம் வெளியே வரமாட்டார். ஆனால் வீடு முழுவதையும் காதாலேயே கண்காணித்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரே ஒரு நல்லது இருந்தது. நோயாளிகளின் விவரம் திருடு போகக்கூடாது என்பதற்காகத் தினமும் மதியம் கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ் ஸ்கேன் ஓடியாக வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் சட்டம். அது தானாகவே கிளம்பும், நிறுத்த முடியாது. பழைய கம்ப்யூட்டருக்கு இருந்தது ஒரே பிராசசர். ஸ்கேன் ஆரம்பித்தால் மற்றதெல்லாம் அப்படியே நின்றுவிடும். ஓர் எழுத்தை அடித்தால் அது திரைக்கு வருவதற்குள் கொடியில் போட்ட துணி காய்ந்துவிடும். நான் மேஜைக்குப் பக்கத்திலேயே தரையில் போர்வையை விரித்துப் படுத்துவிடுவேன். பழி மெஷின் மேல் என்பதால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார். நிறுவனத்து மேற்பார்வை மேடமும் அந்த நேரத்தில் ஃபைல் கேட்க மாட்டார். அந்தத் தூக்கத்தை வைத்துத்தான் மிச்ச நாளை ஓட்டினேன். அது இல்லாவிட்டால் யார் மேல் எரிந்து விழுவேன் என்று எனக்கே தெரியாது.

புதுப் பெட்டியில் காலையிலிருந்து அடித்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டாக்டர் மெல்லுவதை எந்தப் பிராசசரும் துப்ப வைக்கப் போவதில்லை. என் விரல்களும் அதே பழைய விரல்கள்தான். எனக்குப் போய் எதற்கு இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மதியம் ஸ்கேன் கிளம்பியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இப்போ அடி பார்க்கலாம்.”

அடித்தேன். எழுத்துகள் தடங்கலே இல்லாமல் ஓடின. திரையின் ஓரத்தில் ஸ்கேன் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. என் கண் மடித்து வைத்திருந்த போர்வைக்குப் போனது.

“பார்த்தியா!” என்று அவர் சிரித்த நேரம் பார்த்துத்தான் என் போன் அடிக்க வேண்டுமா? காலையில் அனுப்பிய அறிக்கை ஒன்றில் சந்தேகம் கேட்க மேற்பார்வை மேடம் கூப்பிட்டிருந்தார். என் காதில் ஹெட்போன் இருந்ததால் இவர் எடுத்துவிட்டார். நான் அதைக் கழற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“மேடம், இனிமே மத்தியானத்துல உங்களுக்குக் கவலையே இல்ல. ரெண்டு பிராசசர் மெஷின் போட்டாச்சு. ஸ்கேன் பாட்டுக்கு ஸ்கேன் ஓடும், இவ பாட்டுக்கு இவ அடிப்பா.”

அவர் போனை வைத்த கையோடு திரையில் புது ஃபைல்கள் வந்து விழுந்தன. எல்லாம் இருதயப் பிரிவு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏன், என்னாச்சு? மெஷின் பிடிக்கலையா?”

“நான் தூங்குறதே அந்த ஒரு நேரம்தாங்க. அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்க.”

அவர் திருதிருவென்று விழித்தார். கெட்ட மனிதர் இல்லை. முதுகு வலிக்க வலிக்க அந்தப் பெட்டியைச் சுமந்து வந்ததும் எனக்காகத்தான். “தூக்கம் வந்தா தூங்க வேண்டியதுதானே? அதுக்கு மெஷின் நிக்கணுமா என்ன? யார் உன்ன வேணாம்னு சொன்னது?” என்றார்.

யார் சொன்னது? யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பகலில் நான் சும்மா படுத்ததே இல்லை. காய்ச்சல் வர வேண்டும், மின்சாரம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கேன் ஓட வேண்டும். எதுவாவது ஒன்று எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டால்தான் தலை தரையில் சாயும்.

“சரி, நீங்களே சொல்லிட்டீங்க” என்று போர்வையை விரித்துப் படுத்தேன். ஃபைல்கள் காத்துக் கிடந்தன, கிடக்கட்டும். உடம்பு தரையோடு தரையாக இறங்கியது. புதுப் பெட்டியின் விசிறி தலைமாட்டில் இரைந்துகொண்டிருந்தது. கண் செருகும் நேரத்தில் அடுத்த அறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“என்னடா, தட்டுற சத்தத்தையே காணோம்? அவ எங்க?”

நான் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன். அவ தூங்குறாம்மா. அவ்வளவு சொன்னால் போதும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றது எனக்குக் கேட்டது.

“புது மெஷின்ல ஏதோ கோளாறும்மா” என்றார். “நின்னுபோச்சு. அதான் படுத்திருக்கா.”

“நான் அப்பவே நினைச்சேன், பழசே தேவலன்னு” என்றார் அத்தை.

அவர் அதற்கும் “ஆமாம்மா” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது.