ஓசி மாத்திரை

ஒரு பை ரத்தம் ஆயிரத்து ஐந்நூறு என்றான் ரத்த வங்கிக்காரன். கொத்தமல்லிக் கட்டுக்கே கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிற சாமிநாதன் மறுபேச்சில்லாமல் நீட்டினான். மூன்றாவது பையை மார்போடு அணைத்தபடி பிரசவ வார்டுக்குள் ஓடி வந்தபோது, நர்ஸ் அதை வாங்கக் கை நீட்டவில்லை.

"கொழந்த நல்லாருக்கு சார். எடைதான் கம்மி, கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்கோம்."

அவன் மனைவி லாவண்யாவுக்கு முகத்தையும் மூடித் துணி போர்த்தியிருந்தது.

சாயங்காலம் ஸ்ரீராம்புரம் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டாயிற்று. "டேய், அவளோட மாம்பழக் கலர் பட்டு எங்கடா?" என்றாள் அக்கா ராதா. "உடுத்தி விடணும்."

பீரோவைத் திறந்தான். மேல்தட்டில் கர்ப்பிணிகளுக்கான சத்துமாவு டப்பாக்கள் ஆறு. ஒன்று எண்ணூற்றைம்பது. பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் அவன். எந்தச் சரக்கையும் பாதி விலையில்தான் கேட்கவே தொடங்குவான். இதை மட்டும் போட்ட விலைக்கே வாங்கினான். "சேட்டு பர்ஸ தொறந்துட்டாரு, மழ வரப்போவுது" என்று லாவண்யா கிண்டல் செய்வாள்.

பட்டுக்கு அடியில் சிவப்பு மாத்திரை அட்டைகள். அரசு சுகாதார நிலையத்து ஆஷா ஊழியர் குளோரியா மாதாமாதம் கொண்டுவந்த இரும்புச் சத்து மாத்திரை.

"ஓசில வர்றது என்னம்மா மருந்து?" என்று முதல் மாதமே கேட்டான். "நல்ல சரக்க எவன் சும்மா குடுப்பான்? கடைக்காரன்கிட்டயே சொல்றியே."

"லாவண்யாக்காவுக்கு ரத்தம் ரொம்பக் கம்மிண்ணா. மாவு டப்பா இதுக்கு ஈடாவாது."

"எண்ணூத்தம்பது ரூபா டப்பால இல்லாததா?"

லாவண்யா சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை போலிருக்கிறது.

பட்டை ராதாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். குளோரியா கையில் மாலையோடு சுவரோரமாக நின்றிருந்தாள். மாத்திரையைப் பற்றி அவள் கேட்டுவிடுவாளோ என்று பயமாயிருந்தது. கேட்டால் தேவலை என்றும் இருந்தது. அவள் கேட்கவில்லை.

"கொழந்தைக்கு என்ன வாங்கணும்மா?"

"இப்ப ஒண்ணும் வேணாம்ணா. கொஞ்ச நாள் போனா இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதுவாங்க."

"என்ன வெல?"

குளோரியா தரையைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிலயே தருவாங்கண்ணா. சும்மாதான்."

பணமெடுக்கப் போன கை சட்டைப் பைக்குள்ளேயே நின்றது.

உள்ளே யாரும் பீரோவைச் சாத்தவில்லை. டப்பாக்கள் ஆறும் காலி. அட்டைகளில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.